விசை மாற்றியமைத்தல் (யுனிக்ஸ் வகை இயங்குதளங்கள்)

விசை மாற்றியமைத்தல் என்பது கணினி விசைப்பலகையின் ஒரு விசைக்கு, அதன் மேல் அச்சிடப்பட்டுள்ள எழுத்துக்கோ செயலுக்கோ மாறாக வேறொன்றை ஒதுக்கும் முறையாகும். கேப்ஸ் லாக் விசையைக் கண்ட்ரோல் விசையாகப் பயன்படுத்துதல், பழுதான விசையின் பணியை மற்றொரு விசைக்கு அளித்தல், விசைப்பலகை முழுவதையும் துவோரக் போன்ற வேறொரு தளக்கோலத்திற்கு மாற்றுதல் ஆகியவை இதன் பரவலான எடுத்துக்காட்டுகள் ஆகும்.

லினக்ஸ், பிரீபிஎஸ்டி முதலிய யுனிக்ஸ் வகை இயங்குதளங்களில் இதனைச் செய்வதற்குப் பல வழிகள் உள்ளன. ஒரு விசை அழுத்தம் திரையில் எழுத்தாகத் தோன்றும் முன் பல அடுக்குகளைக் கடக்கின்றது. அவற்றுள் எந்த அடுக்கிலும் மாற்றத்தைச் செய்யலாம். ஆயினும், ஓர் அடுக்கில் செய்யப்பட்ட மாற்றத்தை அதற்கு மேலுள்ள அடுக்குகள் மட்டுமே அறியும். வரைகலைத் திரையில் சரியாகச் செயல்படும் மாற்றம், உரை முனையத்திலோ தொடக்கத்தில் வட்டின் கடவுச்சொல் கேட்கப்படும் இடத்திலோ செயல்படாமற்போவதற்கு இதுவே காரணம் ஆகும்.

விசையிலிருந்து எழுத்து வரை

விசைப்பலகை கணினிக்கு எழுத்துகளை அனுப்புவதில்லை, எண்களையே அனுப்புகின்றது. கேப்ஸ் லாக் விசை அழுத்தப்படும்பொழுது நிகழ்வதைப் பின்வருமாறு வரிசைப்படுத்தலாம்.

1. யுஎஸ்பி விசைப்பலகை அவ்விசைக்கு 57 என்ற எண்ணை அனுப்பும். மடிக்கணினிகள் பலவற்றில் உள்ளிணைக்கப்பட்ட பழைய ஏடி வகை விசைப்பலகை 58 என்ற எண்ணை அனுப்பும். இவ்வெண் ஸ்கேன்கோடு எனப்படும்.
2. லினக்ஸ் கருனி, வன்பொருளுக்கு வன்பொருள் வேறுபடும் இவ்வெண்களைப் பொதுவான விசையெண்ணாக மாற்றும். இரு வகை விசைப்பலகைகளிலும் கேப்ஸ் லாக்கின் விசையெண் 58 ஆகும்.
3. எக்ஸ் சாளர முறைமை, கருனியிடமிருந்து பெற்ற விசையெண்ணுடன் 8 ஐக் கூட்டிக்கொள்ளும். ஆகவே அங்கு இதே விசை 66 ஆகின்றது.
4. விசையெண் 66 க்கு எந்தப் பொருள் என்பதைத் தளக்கோல அட்டவணை தீர்மானிக்கும். இவ்வாறு பெறப்படும் பொருள் விசைக்குறி எனப்படும். கேப்ஸ் லாக் என்னும் விசைக்குறியின் மதிப்பு 65509 ஆகும்.
5. உலாவி, உரைத்தொகுப்பி போன்ற பயன்பாட்டு மென்பொருள்கள் விசைக்குறியைப் பெற்று அதற்கேற்பச் செயல்படும்.

எனவே ஒரு விசையின் பொருள் அதன் மேல் அச்சிடப்பட்ட எழுத்தில் இல்லை. அது அடுத்தடுத்துள்ள அட்டவணைகளில் உள்ளது. விசை மாற்றியமைத்தல் என்பது அவ்வட்டவணைகளுள் ஒன்றைத் திருத்துதலே ஆகும்.

வரலாற்றுப் பின்னணி

இன்று பரவலாக உள்ள குவெர்ட்டி தளக்கோலம், கிறிஸ்டோபர் ஷோல்ஸ் முதலியோர் உருவாக்கி 1874 இல் விற்பனைக்கு வந்த தட்டச்சுப் பொறியிலிருந்து தோன்றியது. விரல்களின் அலைச்சலைக் குறைக்கும் நோக்குடன் ஆகஸ்ட் துவோரக், வில்லியம் டீலி ஆகியோர் உருவாக்கிய தளக்கோலத்திற்கு 1936 இல் காப்புரிமை வழங்கப்பட்டது. ஷாய் கோல்மன் 2006 இல் வெளியிட்ட கோல்மேக் தளக்கோலம் கேப்ஸ் லாக் விசையைப் பேக்ஸ்பேஸ் விசையாகப் பயன்படுத்துகின்றது.

யுனிக்ஸ் பயனர்களிடையே விசை மாற்றியமைத்தல் பரவியதற்கு வேறொரு காரணமும் உண்டு. யுனிக்ஸின் புகழ்பெற்ற மென்பொருள்கள் பல, இன்றைய விசைப்பலகைகளில் அல்லாமல் வேறு அமைப்புடைய விசைப்பலகைகளில் உருவாக்கப்பட்டன. பில் ஜாய் வீஐ உரைத்தொகுப்பியை எழுதியபொழுது ஏடிஎம்-3ஏ என்னும் முனையத்தைப் பயன்படுத்தினார். அதில் எஸ்கேப் விசை இன்று டேப் விசை உள்ள இடத்திலும், கண்ட்ரோல் விசை இன்று கேப்ஸ் லாக் உள்ள இடத்திலும் இருந்தன. அடிக்கடி தேவைப்படும் எஸ்கேப் விசை அங்கு இடக்கைச் சிறுவிரலுக்கு எட்டும் தொலைவில் இருந்தது. 1981 இல் வெளிவந்த முதல் ஐபிஎம் தனிக் கணினியிலும் கண்ட்ரோல் விசை 'ஏ' விசைக்கு இடப்புறமே இருந்தது. 1980களின் நடுப்பகுதியில் ஐபிஎம் அறிமுகப்படுத்திய 101 விசைகள் கொண்ட பலகை அவ்விடத்தைக் கேப்ஸ் லாக்கிற்கு அளித்துக் கண்ட்ரோலைக் கீழ்மூலைக்குத் தள்ளியது. பிற உற்பத்தியாளர்களும் அவ்வமைப்பையே பின்பற்றினர். விசைகள் இடம்பெயர்ந்தபோதும் மென்பொருள்களின் கட்டளைகள் மாறவில்லை. கேப்ஸ் லாக்கைக் கண்ட்ரோலாக்கும் வழக்கம் பழைய அமைப்பை மீட்கும் முயற்சியே எனலாம்.

தேவைகள்

பழக்கமும் வசதியும் தவிர, வேறு காரணங்களுக்காகவும் விசைகள் மாற்றியமைக்கப்படுகின்றன.

மணிக்கட்டு வலி, விரல் மூட்டு வலி உடையோருக்குச் சிறுவிரலால் மூலையிலுள்ள கண்ட்ரோல் விசையை ஒரு நாளில் பலநூறு முறை அழுத்துவது துன்பம் தரும். ஒரு கையை மட்டும் பயன்படுத்துவோரால் கண்ட்ரோல், ஆல்ட், டெலீட் ஆகிய மூன்றையும் ஒருசேர அழுத்த இயலாமற்போகலாம். இவர்களுக்கு விசை மாற்றியமைத்தல் என்பது கணினியைப் பயன்படுத்த இயலுமா இயலாதா என்பதைத் தீர்மானிப்பதாகும். எக்ஸ் சாளர முறைமையின் விசைப்பலகை நீட்சியில், மாற்றி விசைகளை ஒன்றன்பின் ஒன்றாக அழுத்த உதவும் ஒட்டு விசைகள், தவறிப் பட்ட அழுத்தங்களைப் புறக்கணிக்கும் மெது விசைகள், நடுங்கும் விரலின் இரட்டை அழுத்தத்தை ஒன்றாகக் கொள்ளும் துள்ளல் விசைகள் ஆகிய வசதிகளும் உள்ளன.

மடிக்கணினியில் ஒரு விசை பழுதானால், பெரும்பாலும் பலகை முழுவதையுமே மாற்ற நேரிடும். அதுவரை அரிதாகப் பயன்படும் ஒரு விசைக்கு அப்பணியை அளித்துச் சமாளிக்கலாம்.

மாற்றம் செய்யக்கூடிய அடுக்குகள்

விசைப்பலகையின் உள்ளே

சில விசைப்பலகைகளின் நுண்கட்டுப்படுத்தியில் உள்ள நிரலையே மாற்ற இயலும். இவற்றுள் பலவற்றிற்குக் கியூஎம்கே என்னும் கட்டற்ற மென்பொருள் பயன்படுகின்றது. இம்மாற்றம் பலகையுடனேயே செல்வதால், எக்கணினியில் இணைத்தாலும், எந்த இயங்குதளத்திலும், இயங்குதளம் தொடங்கும் முன்னரும் செயல்படும். மாறாக, மடிக்கணினிகளின் எஃப்என் விசை பெரும்பாலும் பலகையின் உள்ளேயே கையாளப்படுவதால் அதன் அழுத்தம் கருனியை எட்டுவதில்லை. எட்டாத விசையை இயங்குதளத்தால் மாற்றியமைக்க இயலாது.

கருனி

ஸ்கேன்கோடு விசையெண்ணாக மாறும் அட்டவணையையும் திருத்தலாம். லினக்ஸில் யூடெவ் என்னும் சாதன மேலாண்மைச் சேவையின் வன்பொருள் தரவுத்தளத்தில், குறிப்பிட்ட பலகையையும் ஸ்கேன்கோடையும் புதிய விசையெண்ணின் பெயரையும் எழுதினால் போதும். யுஎஸ்பி பலகையின் கேப்ஸ் லாக், பதினாறடிமான முறையில் 70039 என அங்கு குறிக்கப்படும். இம்மாற்றம் ஒரு பலகைக்கு மட்டும் பொருந்துமாறு அமைவதால், மடிக்கணினியின் பலகையை மட்டும் மாற்றி, வெளியே இணைத்த பலகையை இயல்பாக விட்டுவிடலாம். உரை முனையம், எக்ஸ், வேலண்ட் ஆகிய அனைத்திலும் இது செயல்படும்.

இவ்வடுக்கு இன்றியமையாததாகும் இடமும் ஒன்று உண்டு. எக்ஸ் முறைமையின் விசையெண்கள் 8 முதல் 255 வரை மட்டுமே அமையும். ஒலிவாங்கியை அடைக்கும் விசைக்குக் கருனி அளிக்கும் எண் 248 ஆகும். 8 ஐக் கூட்டினால் 256 வருவதால் அது எக்ஸ் முறைமையை எட்டாது. ஆகையால் யூடெவ் தரவுத்தளம் அவ்விசையை எஃப்20 விசையாக மாற்றி அனுப்பும் வழக்கம் ஏற்பட்டது.

உரை முனையம்

வரைகலை இல்லாத லினக்ஸ் முனையத்திற்குத் தனியான அட்டவணை உண்டு. லோட்கீஸ் என்னும் கட்டளை அதனை ஏற்றும். டம்ப்கீஸ் கட்டளை நடப்பு அட்டவணையைக் காட்டும். ஷோகீ கட்டளை அழுத்தப்படும் விசையின் எண்ணைக் காட்டும். இங்கு செய்யப்படும் மாற்றம் வரைகலைத் திரையைப் பாதிக்காது.

எக்ஸ்மோட்மேப்

1987 இல் வெளிவந்த எக்ஸ்11 நெறிமுறையின் அடிப்படை வசதியைப் பயன்படுத்தும் கட்டளை எக்ஸ்மோட்மேப் ஆகும். ஒரு விசையெண்ணுக்கு எந்த விசைக்குறி என்பதைப் பயனர் தமது முகப்பு அடைவிலுள்ள ஒரு கோப்பில் வரிவரியாக எழுதலாம். விசையின் எண்ணை அறிய எக்ஸ்இவி என்னும் சிறு நிரல் உதவும்.

ஷிப்ட், லாக், கண்ட்ரோல் மற்றும் ஐந்து பொது இடங்கள் என எட்டு மாற்றிகள் எக்ஸ் முறைமையில் உள்ளன. கேப்ஸ் லாக்கையும் கண்ட்ரோலையும் இடமாற்றும்பொழுது, முதலில் இரண்டையும் அவற்றின் மாற்றிக் குழுக்களிலிருந்து நீக்கி, பின்னர் விசைக்குறிகளை மாற்றி, இறுதியில் மீண்டும் குழுக்களில் சேர்க்க வேண்டும். நீக்காமல் மாற்றினால், கண்ட்ரோலாக்கப்பட்ட விசை முன்போலவே எழுத்துகளைப் பேரெழுத்தாக்கும்.

இம்முறையில் இரு குறைபாடுகள் உள்ளன. விசைக்குறியின் பெயரைக் கொண்டு எழுதப்பட்ட இடமாற்றக் கோப்பை இரண்டாம் முறை இயக்கினால் விசைகள் பழைய நிலைக்கே திரும்பிவிடும். விசையெண்ணைக் கொண்டு எழுதினால் இச்சிக்கல் எழாது. மேலும், புதிய பலகை இணைக்கப்படும்பொழுதோ தளக்கோலம் மீண்டும் ஏற்றப்படும்பொழுதோ இம்மாற்றங்கள் அழிந்துவிடக்கூடும்.

எக்ஸ்கேபி

1996 இல் எக்ஸ்11 இன் 6.1 ஆம் வெளியீட்டுடன் வந்த விசைப்பலகை நீட்சி எக்ஸ்கேபி எனப்படும். பலகையின் வகை, தளக்கோலம், அதன் மாறுபாடு, கூடுதல் தெரிவுகள் ஆகியவற்றைத் தனித்தனியே குறிப்பிட்டால், அவற்றிலிருந்து முழு அட்டவணையையும் அது தொகுத்துக்கொள்ளும். ஒரே நேரத்தில் நான்கு தளக்கோலங்கள் வரை வைத்துக்கொண்டு மாறி மாறிப் பயன்படுத்தலாம். கேப்ஸ் லாக்கைக் கண்ட்ரோலாக்குதல், கண்ட்ரோலுடன் இடமாற்றுதல், எஸ்கேப்பாக்குதல் போன்ற பரவலான தேவைகளுக்கு ஆயத்தத் தெரிவுகள் உள்ளன. செட்எக்ஸ்கேபிமேப் கட்டளைக்கு அத்தெரிவின் பெயரை அளித்தால் போதும். தெரிவுகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்துகொண்டே செல்லும் என்பதையும், பழையவற்றை நீக்க முதலில் வெற்றுத் தெரிவை அளிக்க வேண்டும் என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும்.

வேலண்ட்

2008 இல் தொடங்கப்பட்ட வேலண்ட் நெறிமுறையில் எக்ஸ் வழங்கி இல்லை. தளக்கோலத்தைத் தீர்மானிப்பது திரையை ஆளும் மென்பொருளாகிய தொகுப்பியின் பொறுப்பாகும். எக்ஸ்மோட்மேப், செட்எக்ஸ்கேபிமேப் ஆகியவற்றை அங்கு இயக்கினால், வேலண்டை நேரடியாகப் பயன்படுத்தும் மென்பொருள்களில் எம்மாற்றமும் நிகழாது. ஆயினும் எக்ஸ்கேபியின் தளக்கோலக் கோப்புகளும் தெரிவுகளும் லிப்எக்ஸ்கேபிகாமன் என்னும் நூலகத்தின் வழியே தொடர்ந்து பயன்படுகின்றன. கேடிஈயில் விசைப்பலகை அமைப்புகளிலும், குனோமில் அதன் அமைப்புத் தரவுகளிலும், ஸ்வேயில் அதன் அமைவுக் கோப்பிலும் அதே தெரிவுகளை எழுதலாம்.

இடைநிலைச் சேவைகள்

மேற்கண்ட அட்டவணைகள் யாவும் எண்ணுக்குப் பொருள் சொல்பவை. அவை காலத்தை அளப்பதில்லை. 'கேப்ஸ் லாக்கைத் தட்டி விட்டால் எஸ்கேப், அழுத்திப் பிடித்தால் கண்ட்ரோல்' என்ற இரட்டைப் பணியை எக்ஸ்கேபியின் தளக்கோல அட்டவணையால் அளிக்க இயலாது. இதற்குக் கீடி, கேமோனாட், இன்டர்செப்ஷன் டூல்ஸ் போன்ற பின்னணிச் சேவைகள் உள்ளன. இவை கருனியிடமிருந்து உண்மையான பலகையைத் தமதாக்கிக்கொண்டு, மாற்றிய அழுத்தங்களை யூஇன்புட் என்னும் வசதியின் வழியே ஒரு மெய்நிகர்ப் பலகையிலிருந்து வருவனபோல் மீண்டும் அனுப்புகின்றன. இதனால் உரை முனையம், எக்ஸ், வேலண்ட் ஆகிய அனைத்திலும் ஒரே விதமாகச் செயல்படுகின்றன. தட்டுதலுக்கும் பிடித்தலுக்கும் இடையிலான கால எல்லையைத் தட்டச்சு வேகத்திற்கேற்ப அமைக்காவிடில் எழுத்துகள் பிறழும்.

தமிழ் உள்ளீடு

எக்ஸ் முறைமையில் தமிழ் எழுத்துகளுக்கும் விசைக்குறிகள் உண்டு. ஒருங்குறி எண்ணுடன் 16777216 ஐக் கூட்டினால் அவ்வெழுத்தின் விசைக்குறி கிடைக்கும். 'அ' வின் ஒருங்குறி எண் 2949 ஆதலால் அதன் விசைக்குறி 16780165 ஆகும். எக்ஸ்கேபியுடன் வரும் தொகுப்பில் இந்தியா, இலங்கை ஆகிய நாடுகளின் கீழ்த் தமிழ்த் தளக்கோலங்கள் இடம்பெற்றுள்ளன.

எனினும் தமிழ்99 தளக்கோலத்தின் முழுப் பயனையும் விசை மாற்றியமைத்தல் மட்டும் தர இயலாது. தமிழ்99 இல் 'க' விசையை இருமுறை அழுத்தினால் 'க்க' என்று வரவேண்டும். 'ந' வைத் தொடர்ந்து 'த' வந்தால் 'ந்த' என்று புள்ளி தானே அமைய வேண்டும். மெய்யை அடுத்து 'ஆ' வந்தால் 'கா' எனச் சேர வேண்டும். இவற்றிற்கு முந்தைய அழுத்தம் எது என்னும் நினைவு தேவை. எக்ஸ்கேபியின் அட்டவணைக்கு அந்நினைவு இல்லை. இலங்கையில் வழங்கும் ரெங்கநாதன் தளக்கோலம் தட்டச்சுப் பொறியின் வரிசையைப் பின்பற்றுவதால், எகரக் கொம்பு மெய்க்கு முன்னர் அழுத்தப்படுகின்றது. ஒருங்குறியிலோ அது மெய்க்குப் பின்னரே சேமிக்கப்படுகின்றது. ஆகவே ஐபஸ், எஃப்சிஐடிஎக்ஸ் போன்ற உள்ளீட்டு முறைகள் எக்ஸ்கேபிக்கு மேல் ஓர் அடுக்காக நின்று இப்பணிகளைச் செய்கின்றன.

உள்ளீட்டு முறைகள் பல, தமக்கு வந்து சேரும் ஆங்கில எழுத்தைக் கொண்டே தமிழ் எழுத்தைத் தேர்கின்றன. எனவே ஆங்கிலத்திற்குத் துவோரக் தளக்கோலத்தைப் பயன்படுத்துவோர் அதே நிலையில் தமிழ்99 ஐ இயக்கினால், தமிழ் எழுத்துகள் தத்தம் இடத்தில் இராமல் சிதறிக் காணப்படும். தமிழுக்கு மாறும்பொழுது அடித்தள அமைப்பும் குவெர்ட்டிக்கு மாறுமாறு அமைத்தலே இதற்குத் தீர்வாகும்.

கடவுச்சொல்லும் பாதுகாப்பும்

விசைகளை மாற்றியமைப்போர் முதலில் கருத்திற்கொள்ள வேண்டியது கடவுச்சொல் ஆகும். தட்டச்சு செய்யும் கடவுச்சொல் திரையில் தெரிவதில்லை. வரைகலைத் திரையில் துவோரக் தளக்கோலத்தில் அமைத்த கடவுச்சொல்லை, குவெர்ட்டியில் இயங்கும் முனையத்தில் அதே விரலசைவுகளுடன் இட்டால் வேறு எழுத்துகளே பதிவாகும். மறையாக்கம் செய்யப்பட்ட வட்டின் கடவுச்சொல், முதன்மை இயங்குதளம் தொடங்கும் முன்னரே கேட்கப்படுகின்றது. பயனர் கணக்கில் செய்த மாற்றங்கள் எவையும் அப்பொழுது நடைமுறைக்கு வந்திருக்காது. ஆதலால் வட்டின் கடவுச்சொல்லைத் தளக்கோலம் மாறினும் இடம் மாறாத விசைகளைக் கொண்டு அமைத்தல், அல்லது தொடக்கநிலைக் கோப்பு முறைமையில் உரிய தளக்கோலத்தைச் சேர்த்துச் சோதித்தல் நன்று.

இடைநிலைச் சேவைகள், பலகையின் எல்லா அழுத்தங்களையும் படிக்கும் உரிமை பெற்றே இயங்குகின்றன. தட்டச்சு செய்யப்படும் கடவுச்சொற்களும் அவற்றுள் அடங்கும். ஆகவே அத்தகைய நிரல்களை இயங்குதள வழங்கலின் நம்பகமான தொகுப்பிலிருந்து மட்டுமே நிறுவ வேண்டும். பயனர் கணக்கை உள்ளீட்டுச் சாதனங்களுக்கான குழுவில் சேர்த்தால், அக்கணக்கில் இயங்கும் ஒவ்வொரு நிரலும் அதே உரிமையைப் பெறும்.

பிழை நேர்ந்தால் மீளும் வழிகள்

தவறான மாற்றம் பயனரின் விசைப்பலகையை முற்றிலும் செயலற்றதாக்கக்கூடும். பிழையைத் திருத்தவும் அதே விசைப்பலகையே தேவைப்படும் என்பதால், பின்வரும் முன்னேற்பாடுகள் பரிந்துரைக்கப்படுகின்றன.

- மாற்றத்தை முதலில் கட்டளையாக மட்டும் இயக்கிப் பார்த்தல். நிலையான கோப்பில் எழுதாதவரை, வெளியேறி மீண்டும் நுழைந்தால் பழைய நிலை திரும்பும்.
- எக்ஸ் முறைமையில், சோதிக்கும் முன் நடப்பு அட்டவணையைக் கோப்பாகச் சேமித்தல். எக்ஸ்கேபிகாம்ப் என்னும் நிரல் இதற்கு உதவும்.
- மற்றொரு கணினியிலிருந்து எஸ்எஸ்எச் வழியே நுழையும் வசதியை முன்னரே அமைத்தல்.
- கண்ட்ரோல், ஆல்ட், எஃப்3 ஆகியவற்றை ஒருசேர அழுத்தி உரை முனையத்திற்குச் செல்லும் வழியைக் கெடுக்காதிருத்தல். எக்ஸ் முறைமையில் இவ்வழியும் எக்ஸ்கேபியின் அட்டவணையையே சார்ந்தது. கண்ட்ரோலும் ஆல்ட்டும் பிழையாக மாற்றப்பட்டால் இதுவும் அடைபடும்.
- இடைநிலைச் சேவையின் அவசர வெளியேற்றத்தை அறிந்திருத்தல். கீடி சேவையில் பேக்ஸ்பேஸ், எஸ்கேப், என்டர் ஆகிய மூன்றையும் ஒருசேர அழுத்தினால் சேவை நின்று, பலகை இயல்பு நிலைக்குத் திரும்பும்.

பிற யுனிக்ஸ் வகை இயங்குதளங்கள்

பிரீபிஎஸ்டியின் உரை முனையத்தில் கேபிடிகண்ட்ரோல் என்னும் கட்டளையும், ஓப்பன்பிஎஸ்டியில் டபிள்யூஎஸ்கான்ஸ்சிடிஎல் என்னும் கட்டளையும் தளக்கோலத்தை மாற்றுகின்றன. இவ்விரண்டிலும் எக்ஸ் முறைமை இயங்கும்பொழுது எக்ஸ்கேபியையும் பயன்படுத்தலாம். மேக் இயங்குதளத்தில் கேப்ஸ் லாக், கண்ட்ரோல், ஆப்ஷன், கமாண்ட் ஆகிய விசைகளை அமைப்புகள் பக்கத்திலேயே மாற்றலாம். 2016 இல் வெளிவந்த சியரா பதிப்பு முதல், ஹெச்ஐடியூட்டில் என்னும் கட்டளையால் மற்ற விசைகளையும் மாற்ற இயலும். கணினியை மீண்டும் தொடங்கும்பொழுது அம்மாற்றம் நீங்கிவிடுமாதலால், தொடக்கத்தில் தானே இயங்குமாறு அதனை அமைக்க வேண்டும்.

அடுக்கைத் தேர்ந்தெடுத்தல்

ஒரே கணினியின் வரைகலைத் திரையில் மட்டும் மாற்றம் போதுமெனில் எக்ஸ்கேபியின் ஆயத்தத் தெரிவே எளியது; எக்ஸ், வேலண்ட் ஆகிய இரண்டிலும் அது பொருந்தும். உரை முனையத்திலும் வேண்டுமெனில் அல்லது குறிப்பிட்ட ஒரு பலகைக்கு மட்டும் வேண்டுமெனில் யூடெவ் தரவுத்தளம் ஏற்றது. ஒரு விசைக்கு இரு பணிகள் வேண்டுமெனில் இடைநிலைச் சேவை தேவைப்படும். பல கணினிகளில் ஒரே பலகையைப் பயன்படுத்துவோருக்கும், வட்டின் கடவுச்சொல் கேட்கப்படும்பொழுதே மாற்றம் வேண்டுவோருக்கும் பலகையின் உள்ளேயே மாற்றுதல் பொருத்தமானது. எந்த நிலையிலும், ஒரே விசையை இரண்டு அடுக்குகளில் மாற்றுதல் தவிர்க்கப்பட வேண்டும். கீழடுக்கில் கண்ட்ரோலுடன் இடமாற்றப்பட்ட கேப்ஸ் லாக் மேலடுக்கில் மீண்டும் இடமாற்றப்பட்டால், பலகை பழைய நிலையிலேயே நிற்கும். எந்த மாற்றமும் நிகழாததாகப் பயனர் மயங்க நேரிடும்.